கோலம் படிந்த உருக்குச் சமையல் கத்தியைக் கையால் அடிக்கக் கற்பது: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அலையலையாகக் கோலம் தெரியும் சமையல் கத்தியைத் தாமே உலையில் அடித்துச் செய்ய வேண்டும் என்ற விருப்பம் திருகோணமலையிலும் அதைச் சூழ்ந்த ஊர்களிலும் பலருக்கு இருக்கிறது. அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கான பதில்களை இங்கே தருகிறேன். இதற்கு முன் சம்மட்டி பிடித்திராத ஒருவரை மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறேன். வேலை தெரிந்தவர்கள் தமக்கு வேண்டிய கேள்விக்கு நேராகச் செல்லலாம்.

கத்தியின் மேல் தெரியும் கோலம் வரையப்பட்டதா?

இல்லை. சேர்மானம் வேறுபட்ட இரண்டு வகை உருக்குத் தகடுகளை மாறிமாறி அடுக்கி, உருகிவிடாத அளவில் கடுமையாகச் சூடாக்கி, அடித்து ஒரே கட்டியாக ஒட்ட வைக்கிறோம். அந்தக் கட்டியை நீட்டி, வெட்டி, மீண்டும் அடுக்கி ஒட்டும்போது அடுக்குகள் பெருகுகின்றன. பிறகு கட்டியை முறுக்கியோ குறுக்கே பள்ளமிட்டோ அடுக்குகளின் ஒழுங்கைக் கலைத்துத் தட்டையாக்கி மேற்பரப்பைத் தேய்த்தால், வெட்டுப்பட்ட அடுக்குகளின் விளிம்புகள் வளைகோடுகளாக வெளிவரும். இறுதியில் அமிலத்தில் இடும்போது நிக்கல் கலந்த அடுக்கு வெளிறியும் மற்றது கறுத்தும் நிற்கும்.

சந்தையில் மலிவாகக் கிடைக்கும் சில கத்திகளில் கோலம் மேற்பரப்பில் மட்டுமே பொறிக்கப்பட்டிருக்கும். கத்தியின் முதுகைப் பாருங்கள்: அடுக்குகள் முழுவதும் ஊடுருவியிருந்தால் பக்கத்தில் உள்ள கோடு முதுகின் மேலும் தொடர்ந்து செல்லும். பொறித்த கோலம் முதுகை எட்டாது. ஒருமுறை தேய்த்து அகற்றினால் அமிலத்தில் இட்டாலும் திரும்பி வராது.

டமாஸ்கஸ் உருக்கு என்பது இதுதானா?

இன்று அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் இதுதான். ஆனால் பழைய காலத்து டமாஸ்கஸ் வாள்கள் வேறு முறையில் ஆனவை. தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் மண்குகைகளில் (உலோகம் உருக்கும் மண்கிண்ணங்களில்) உருக்கி எடுத்த, ஏறத்தாழ 1 முதல் 2 வீதம் காபன் கொண்ட உருக்குக் கட்டிகளிலிருந்து அவை அடிக்கப்பட்டன. அங்கே கோலம் அடுக்கி ஒட்டுவதால் வரவில்லை. கட்டி ஆறும்போதும் பின்னர் மிதமான சூட்டில் அடிக்கப்படும்போதும் இரும்பும் காபனும் சேர்ந்த காபைட்டுத் துகள்கள் வரிசைப்பட்டு நிற்பதால் வந்தது. வெர்ஹோவன் என்ற உலோகவியலாளரும் பெண்ட்ரே என்ற கொல்லரும் 1990களில் சேர்ந்து ஆராய்ந்து, வனேடியம் போன்ற மாசுகள் மிகச் சிறிய அளவில் இருப்பதே அந்த வரிசைப்பாட்டுக்கு முக்கியமானது என்று காட்டினார்கள்.

அடுக்கி ஒட்டும் முறையும் பழமையானதே. இங்கிலாந்தில் சட்டன் ஹூ என்ற இடத்தில் 1939ஆம் ஆண்டு தோண்டியெடுக்கப்பட்ட 7ஆம் நூற்றாண்டு வாள் அப்படிச் செய்யப்பட்டது. சாவகத்தின் (இந்தோனேசியாவின் ஜாவாத் தீவின்) கிரிஸ் குத்துவாள்களும் அவ்வாறே. நடுவில் பெரிதும் மறைந்திருந்த இவ்வேலையை அமெரிக்கக் கொல்லர் வில்லியம் மோரன் 1973இல் மீண்டும் பலர் கண்முன் கொண்டுவந்தார்.

நம் தீவுக்கு உருக்குடன் உள்ள உறவு ஆழமானது என்பதையும் இங்கே சொல்ல விரும்புகிறேன். பலாங்கொடைக்கு அருகே சமனலவெவப் பகுதியில், தென்மேற்குப் பருவக்காற்று மோதும் மலைச்சரிவுகளில், துருத்தியே இல்லாமல் காற்றின் வேகத்தாலேயே எரிந்த உலைகளின் வரிசைகளை ஜில் ஜூலெஃப் என்ற தொல்லியலாளர் அகழ்ந்து கண்டார். அத்தகைய உலையை மீண்டும் கட்டி இயக்கிக் காட்டி, அதில் உயர்காபன் உருக்கு கிடைப்பதை 1996இல் அவர் வெளியிட்டார். இந்த மரபு நமக்கு அயலானது என்று எண்ணி எவரும் தயங்க வேண்டியதில்லை.

கடின உருக்கும் மென் உருக்கும் மாறிமாறி இருப்பதால் இக்கத்தி சாதாரணக் கத்தியைவிடக் கூராக வெட்டுமா?

வெட்டாது. மிகப் பரவலாக உள்ள தவறான எண்ணம் இது. ஒட்டும் சூட்டில் காபன் அணுக்கள் அடுக்குக்கு அடுக்கு மிக விரைவாக நகர்ந்துவிடுகின்றன. மெல்லிய அடுக்குகளாக இருந்தால் சில நிமிடங்களிலேயே கட்டி முழுவதும் காபன் ஏறக்குறைய சமமாகிவிடும். நிக்கலும் மங்கனீசும் அப்படி எளிதில் நகர்வதில்லை. ஆகவேதான் கோலம் நிலைக்கிறது. கத்தி நன்றாக வெட்டுவதற்குக் காரணங்கள் மூன்று: சராசரிக் காபன் அளவு போதுமானதாக இருத்தல், தோய்ச்சலும் (சூடான அலகை எண்ணெயில் இறக்கிக் கடினமாக்குதல்) பதமும் (பின் இளஞ்சூட்டில் வைத்து நொறுங்கும் தன்மையைக் குறைத்தல்) சரியாக அமைதல், விளிம்பு மெல்லியதாகத் தேய்க்கப்பட்டிருத்தல். இவற்றில் ஒன்று தவறினாலும் எவ்வளவு அழகான கோலமும் தக்காளித் தோலில் வழுக்கிக்கொண்டுதான் போகும். அதே காரணத்தால், ஒரு பாதிக்கு மெல்லிரும்பைப் பயன்படுத்தாதீர்கள். அது நல்ல உருக்கின் காபனைத் தன்பக்கம் இழுத்து முழுக் கத்தியையும் மந்தமாக்கிவிடும்.

புதிதாகத் தொடங்குபவர் நேராக இதையே செய்யலாமா?

கூடாது என்பது என் உறுதியான கருத்து. கோலம் இல்லாத, ஒரே உருக்கில் அடித்த கத்தியை முதலில் செய்யுங்கள். அதில் கூர்மை நிற்கிறதா, வாய் உடைகிறதா, வளைகிறதா என்பதை உங்கள் சமையலறையில் சில மாதங்கள் பார்த்து, காரணத்தை உங்களால் சொல்ல முடியும் நிலைக்கு வந்த பின்பே அடுக்கி ஒட்டத் தொடங்குங்கள். ஒட்டுவேலைக்குப் பல நாள் உழைப்பும் மூட்டை மூட்டையாகக் கரியும் செலவாகும். அவ்வளவையும் செலவிட்ட கட்டி, தோய்ச்சல் தெரியாத கையில் கடைசி நிமிடத்தில் வெடித்துப்போவதைப் பார்க்கும் துன்பம் எவருக்கும் வேண்டாம்.

யாரிடம் கற்பது?

மண்வெட்டியும் கோடரியும் அரிவாளும் அடிக்கும் கொல்லரிடம். தம்பலகாமம், கந்தளாய்ப் பக்க வயல்களுக்குக் கருவி செய்து பழகிய கை உங்கள் ஊருக்கு அருகில் இருந்தால், அங்கே சென்று முதலில் சம்மட்டி அடிக்கும் உதவியாளாக நில்லுங்கள். அவர் கோலக் கத்தி செய்திருக்க வேண்டும் என்பதில்லை. உலையின் நிறத்தைப் படிப்பதும், இரும்பு எங்கே போக வேண்டுமோ அங்கே போகும்படி அடி விழுவதும் அவரிடம்தான் கற்க முடியும். ஒட்டுவதற்கான மீதி நுணுக்கங்களை அதன்மேல் கட்டலாம்.

உலையை எங்கே அமைக்கலாம்?

கூரைக்குக் கீழே, நிழலில், மூன்று பக்கமும் காற்றோட்டம் உள்ள இடத்தில். நம் ஊரின் நண்பகல் வெயிலில் இரும்பின் நிறம் கண்ணுக்குப் பிடிபடாது: 900 பாகை செல்சியஸில் உள்ள இரும்பும் வெயிலில் மங்கியே தெரியும், சூடு போதவில்லை என்று எண்ணி நீங்கள் அதை எரித்தே விடுவீர்கள். காலையிலோ மாலையிலோ வேலை செய்வது நல்லது.

கிடுகுக் கொட்டிலில் ஒருபோதும் உலை மூட்டாதீர்கள். வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று வீசும் நாட்களில் ஒரு பொறி போதும், பக்கத்து வளவு வேலியும் சேர்ந்து எரியும். தகரக் கூரையும் மண் அல்லது கொங்கிறீற்றுத் தரையும் வேண்டும். இரண்டு வாளித் தண்ணீரும் ஒரு பெட்டி மணலும் கைக்கெட்டும் இடத்தில் இருக்க வேண்டும். கரி எரியும்போது வெளிவரும் காபன் மோனொட்சைட்டுக்கு மணமில்லை. ஆகவே வாடைக் காற்றும் மழையும் வரும் மாதங்களில் கதவு சன்னலைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும் பழக்கம் உயிருக்கு ஆபத்தானது.

என்ன கருவிகள் தேவை?

நினைப்பதைவிடக் குறைவு. ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கைச்சுத்தியல், உதவியாளருக்கு மூன்று கிலோச் சம்மட்டி, உங்கள் கட்டியை அசையாமல் பிடிக்கும் குறடு, அரங்கள், உறுதியான வைஸ். பட்டடைக்கல் இல்லையென்றால் கனமான உருக்குக் கட்டியோ தண்டவாளத் துண்டோ போதும். தண்டவாளத்தை உரிய ரசீதுடன் வாங்குங்கள், அதைப் படுக்க வைக்காமல் மரக்குற்றியில் நெட்டாக நிறுத்துங்கள். அப்போது அடியின் நேர்கீழே முழு எடையும் நிற்கும், அடி வீணாகாது. லொறியின் பழைய பிரேக் டிரம்மில் குழாய் பொருத்திச் சிறு ஊதுவிசிறி இணைத்தால் உலையும் ஆயிற்று.

சிரட்டைக் கரியா, விறகுக் கரியா, காஸ் உலையா?

ஒட்டுவேலைக்குக் கந்தகம் இல்லாத எரிபொருள் வேண்டும். அந்த வகையில் இரண்டு கரிகளும் நல்லவை. சிரட்டைக் கரி அடர்த்தியானது, நீண்ட நேரம் நிற்கும், ஆனால் காற்று மிகுந்தால் நெருப்புத்துண்டுகளைத் தெறிக்கும். அடியில் விறகுக் கரியும் நடுவில் சிரட்டைக் கரியும் கலந்து இடுவதை நான் விரும்புகிறேன். மழைக்காலத்தில் கரியைத் தரையிலிருந்து உயர்த்தி மூடி வையுங்கள். காஸ் உலையில் வெப்பம் சீராக இருக்கும், ஆனால் ஒட்டும்போது தூவும் வெங்காரம் (போராக்ஸ்) உருகி அதன் உள்பூச்சைத் தின்றுவிடும். அடித்தளத்தில் மாற்றக்கூடிய உலைக்கல்லை வைத்துக்கொள்ளுங்கள்.

உருக்கு எங்கே கிடைக்கும்?

வெளிநாட்டுக் கொல்லர்கள் 1084 என்ற உருக்கையும் 15 என் 20 என்ற உருக்கையும் சேர்ப்பார்கள். முன்னதில் 0.84 வீதம் அளவு காபனும் கூடவே மங்கனீசும் உண்டு, பின்னதில் 0.75 வீதம் காபனும் 2 வீதம் நிக்கலும் உண்டு. இவற்றை இறக்குவிக்க முடிந்தால் அதுவே மிகப் பாதுகாப்பான வழி.

உள்ளூரில் தேடினால் மர ஆலைகளின் அகன்ற பட்டைவாள்களில் (பேண்ட் சோ) பல, நிக்கல் கலந்த உருக்கில் ஆனவை. அவற்றுக்கு இணையாகப் பழைய, நல்ல தரமான அரங்களைச் சேர்த்தால் நிற வேறுபாடு தெளிவாக வரும். லொறியின் ஸ்பிரிங் தகடு 0.6 வீதத்தை ஒட்டிய காபனுடன் சிறிது குரோமியமும் கொண்டது. ஒரே உருக்கில் அடிக்கும் முதற் கத்திக்கு அது நன்று, ஒட்டும்போது சற்றுப் பிடிவாதம் செய்யும். எதுவானாலும் சோதித்த பின்பே அடுக்குங்கள். சிறு துண்டைக் காந்தம் பிடிக்காத சூட்டுக்குச் சற்று மேலே ஏற்றி எண்ணெயில் தோய்த்து, துணியால் சுற்றி வைஸில் வைத்து அடித்து உடையுங்கள். உடையாமல் வளைந்தால் அந்த உருக்கு கத்திக்கு உதவாது. சில மலிவான அரங்களில் மேல்தோல் மட்டுமே கடினம் என்பதால் இந்தச் சோதனை அவற்றுக்கு மிகவும் அவசியம். நாகப்பூச்சுள்ள எந்த இரும்பையும் உலையில் இடக்கூடாது. அதன் புகை கடும் காய்ச்சலை உண்டாக்கும்.

ஒட்டும் வேலையைப் படிப்படியாகச் சொல்ல முடியுமா?

ஏழு தகடுகளை, வெளிப்பக்கம் இரண்டும் ஒரே வகையாக இருக்கும்படி மாறிமாறி அடுக்குங்கள். ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் நீளம், 3 சென்ரிமீற்றர் அகலம், 3 சென்ரிமீற்றர் மொத்தக் கனம் என்று வைத்தால் கட்டி ஒரு கிலோவுக்குச் சற்று மேல் இருக்கும். 18 சென்ரிமீற்றர் அலகுள்ள ஒரு கத்திக்கு இது மிகையாகத் தோன்றலாம். ஆனால் ஒவ்வொரு சூட்டிலும் மேற்பரப்பு செதிலாக உரிந்துபோகும், ஓரங்களையும் வெட்டி எறிய வேண்டியிருக்கும்.

ஒட்டும் முகங்களைப் பளிச்சென்று தேய்த்து எண்ணெய்ப் பசையின்றித் துடைத்து, கம்பியால் இறுகக் கட்டுங்கள் அல்லது இரு முனைகளையும் வெல்டிங் செய்து, ஒரு கைப்பிடிக் கம்பியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கட்டி மங்கிய சிவப்பாகும்போது வெளியே எடுத்து எல்லாப் பக்கமும் வெங்காரத்தூளைத் தூவுங்கள். வெங்காரம் 740 பாகை செல்சியஸ் அளவில் உருகி, இரும்பு ஒட்சைட்டைத் தன்னுள் கரைத்துக்கொண்டு, புதிதாகக் காற்றுப் படாமலும் காக்கிறது. பின் கரியின் நடுவில் ஆழமாகப் புதைத்து, ஊதலை மெதுவாக வைத்து, உள்ளிருந்து வெளிவரை சூடு ஏறும்வரை பொறுத்திருங்கள். அவசரப்பட்டு ஊதினால் வெளித்தகடு எரியும், நடுத்தகடு ஒட்டாது. புரட்டிப் புரட்டிச் சூடாக்குங்கள்.

1200 பாகையைத் தாண்டும்போது கட்டி பிரகாசமான மஞ்சள் நிறமாகும்; மேலே வெங்காரம் உருகிய நெய்யைப் போல ஓடிப் பளபளக்கும், உலையின் நிறத்துக்கும் கட்டியின் நிறத்துக்கும் வேறுபாடு தெரியாது. வெள்ளைப் பொறிகள் சிதறத் தொடங்கினால் இரும்பு எரிகிறது. உடனே வெளியே எடுங்கள். இந்த முதற் சூட்டில் கடும் அடி வேண்டாம். நடுவிலிருந்து ஓரங்களுக்கு, உறுதியான சிறு அடிகளாக விரைந்து அடித்தால் கரைந்த கழிவு வெளியே பீச்சும். எதிரே எவரும் நிற்கக்கூடாது. மீண்டும் வெங்காரம், மீண்டும் அதே சூடு, மீண்டும் அடி. மூன்றாவது முறை முதல்தான் சம்மட்டிக்காரரை அழைத்துக் கட்டியை நீட்டத் தொடங்க வேண்டும். நீட்டும்போது கட்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி அடிக்க நேர்ந்தால், மஞ்சள் சூட்டில் மட்டுமே அடியுங்கள். சிவந்த சூட்டில் அப்படி அடிப்பது ஒட்டைப் பிரிக்கும்.

ஒட்டியதா இல்லையா என்று எப்படி அறிவது?

ஆறிவரும் கட்டியைக் கவனியுங்கள். ஒட்டாத இடத்தில் வெப்பம் கடப்பதில்லை. அங்கே மேல்தகடு மட்டும் முந்திக் கறுக்கும், அல்லது ஓரத்தில் ஒரு கருங்கோடு தெரியும். ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தால் ஐயம் தீரும். சிறு பிரிவென்றால் நிறைய வெங்காரமிட்டு மீண்டும் ஒட்டலாம். ஆழமான பிரிவை வெட்டி நீக்குங்கள். சமையல் கத்தியில் திறந்த பிளவு இருந்தால் அதில் மீன்நீர் தங்கி அழுகும் என்பதால் இதில் சலுகை காட்டவே முடியாது.

எத்தனை அடுக்கு வேண்டும்?

ஏழு அடுக்கை மூன்றாக வெட்டி அடுக்கினால் 21, மறுபடி செய்தால் 63, மறுபடியும் செய்தால் 189. கையால் அடிக்கும் முதற் கத்திக்கு 63 போதும். கோடுகள் தடித்துத் தெளிவாகத் தெரியும். நூற்றுக்கணக்கில் பெருக்கினால் கோலம் நுண்மையாகும், ஆனால் ஒவ்வொரு மடிப்பும் இரும்பையும் காபனையும் தின்னும். கோலத்தில் ஏணிக்கோலம் எளிது: இரு பக்கமும் மாறிமாறிக் குறுக்கே ஆழமற்ற பள்ளங்கள் அரத்தால் இட்டு, பின் தட்டையாக அடித்தால் போதும். முறுக்குக்கோலம் ஒட்டின் உறுதியைக் கடுமையாகச் சோதிக்கும்; அதை இரண்டாம் கத்திக்கு வையுங்கள்.

நம் சமையலறைக்கு எந்த வடிவம் பொருந்தும்?

சூரையையும் பாரையையும் முள்ளோடு துண்டு போடும் வேலையை வீட்டிலுள்ள அரிவாளுக்கே விடுங்கள். இந்தக் கத்தி மரக்கறி அரியவும், மீனின் தசையைப் பிரிக்கவும், கணவாய் வெட்டவும் உரியது. 16 முதல் 18 சென்ரிமீற்றர் நீளம், பிடியருகே முதுகில் 2.5 மில்லிமீற்றர் கனம், நுனிக்குப் போகப்போக மெலிவு. தோய்ச்சலுக்கு முன் விளிம்பை 0.7 மில்லிமீற்றருக்குக் குறையாமல் விடுங்கள். அதைவிட மெலிந்தால் எண்ணெயில் இறங்கும்போது நெளியும். மீதியைத் தோய்ச்சலுக்குப் பின், கத்தியை அடிக்கடி தண்ணீரில் நனைத்து, சூடேறாமல் தேய்க்க வேண்டும்.

தோய்ச்சலும் பதமும் எப்படி?

அடித்து முடித்த கத்தியின் உள்மணிகள் (உருக்கின் நுண்படிகங்கள்) பெருத்திருக்கும். அவற்றைச் சீராக்க மூன்று முறை சூடாக்கி, ஒவ்வொரு முறையும் முன்னையதைவிடச் சற்றுக் குறைந்த சூட்டில், அசைவற்ற காற்றில் கறுக்கும்வரை ஆறவிடுங்கள். இந்தப் படியைத் தவிர்ப்பவர்களின் கத்திதான் பெரும்பாலும் வாய் உதிர்கிறது.

இரும்பு 770 பாகையில் காந்தத்துக்குப் பிடிபடாமல் போகும். காந்தத்தைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு அந்தப் புள்ளியைக் கண்டு, அதற்குமேல் இன்னும் சற்று, 800 முதல் 820 பாகை வரை அலகு முழுவதும் ஒரே நிறமாக ஏற்றுங்கள். எண்ணெய் 50 அல்லது 60 பாகைக்குச் சூடாக்கப்பட்டிருக்க வேண்டும். இளஞ்சூட்டு எண்ணெய் மெல்லியதாகி வேகமாகக் குளிர்விக்கும். தேங்காயெண்ணெய் நன்றாகவே வேலை செய்கிறது, நம் ஊர் வெக்கையில் உறைவதுமில்லை. கழிவு எஞ்சின் எண்ணெயை வேண்டாம் என்கிறேன். அதன் புகை நச்சு, அந்தக் கத்தியோ உணவைத் தொடப் போகிறது. மூடியுள்ள ஆழமான இரும்புப் பாத்திரத்தில் நான்கைந்து லீற்றர் எண்ணெய் எடுத்து, கத்தியை நுனி கீழாக நேரே இறக்கி, பக்கவாட்டில் அசைக்காமல் முன்பின்னாக மட்டும் அசையுங்கள். தீப் பற்றினால் மூடியால் மூடுங்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள். கத்தியைத் தண்ணீரில் தோய்க்கவும் வேண்டாம். இத்தகைய உருக்கு அதில் வெடிக்கும்.

நல்ல அரம் விளிம்பில் பிடிக்காமல் வழுக்கினால் தோய்ச்சல் பலித்தது. அந்த நிலையில் கத்தி கண்ணாடிபோல் நொறுங்கக்கூடியது, ஆகவே தாமதிக்காமல் ஓவனில் 200 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்து, ஆறவிட்டு, மீண்டும் இரண்டு மணி நேரம் வையுங்கள். தேய்த்த இடத்தில் இளம் வைக்கோல் நிறம் படியும். ஓவன் காட்டும் அளவை நம்பாமல் தனி வெப்பமானியை உள்ளே வையுங்கள்.

அமிலத்தில் இடுவது எப்படி?

மின்சுற்றுப் பலகைகளை அரிக்க இலத்திரனியல் கடைகளில் விற்கும் பெரிக் குளோரைட்டுக் கரைசலே வழக்கமானது. ஒரு பங்குக் கரைசலை மூன்று அல்லது நான்கு பங்கு தண்ணீரில் கலந்து, நுண்ணிய அரத்தாளால் தேய்த்து எண்ணெய்ப் பசை நீக்கிய கத்தியை நெட்டாக இறக்குங்கள். பத்து நிமிடத்துக்கொருமுறை எடுத்துப் பார்த்து, கருமை படிந்ததைத் தாளால் மெல்லத் தேய்த்து, போதிய ஆழம் வரும்வரை தொடருங்கள். முடிவில் அப்பச்சோடாக் கரைசலில் கழுவி நன்றாக அலசுங்கள். கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். கழிவைக் கிணற்றுப் பக்கம் ஊற்றக்கூடாது. கிரிஸ் செய்வோர் பாசாணத்தையும் தேசிக்காய்ச் சாற்றையும் பயன்படுத்தும் மரபு உண்டு; பாசாணம் கொடிய நஞ்சு, சமையல் கத்திக்கு அதை நினைக்கவும் வேண்டாம்.

பிடிக்கு எந்த மரம்?

முதிரை, பாலை இரண்டும் நம் வறண்ட காடுகளின் உறுதியான மரங்கள். முதிரைத் தூள் சிலரின் தோலை அரிக்கும், ஆகவே முகமூடி தேவை. உலக மர வணிகத்தில் திருகோணமலை மரம் என்றே பெயர் பெற்ற சவண்டலை, அதிர்ச்சி தாங்குவதிலும் இழையின் நேர்மையிலும் பிடிக்கு மிகப் பொருத்தமானது. பழைய தளவாடங்களின் துண்டுகளைத் தச்சரிடம் கேட்டு வாங்குங்கள். உலர்ந்த மரம் பின்னர் சுருங்காது.

கடற்காற்றில் துருப்பிடிக்காதா?

பிடிக்கும். உப்புவெளியிலோ நிலாவெளியிலோ கரையோரம் வாழ்பவர் ஓர் இரவு ஈரத்தோடு விட்டால் காலையில் செம்புள்ளி தெரியும். வெட்டி முடித்ததும் கழுவித் துடைத்து, ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் பூசுங்கள். பழப்புளியும் தேசிக்காயும் பட்டால் உடனே கழுவுங்கள். அவை கோலத்தைத் தின்னும். நாளடைவில் படியும் நீலச்சாம்பல் நிறம் துருவன்று, அதைத் தேய்த்துப் போக்க வேண்டியதில்லை. தேங்காய் உடைப்பதும் கருங்கல்லின் மேல் வெட்டுவதும் விளிம்பைச் சிதைக்கும்.

என் மகனுக்குப் பதினான்கு வயது. கற்கலாமா?

அரம் பிடிக்கவும், நேராகத் தேய்க்கவும், ஊதவும் கற்கட்டும். ஒட்டும் சூடும் எண்ணெய்த் தோய்ச்சலும் பெரியவர் பக்கத்தில் நிற்கும்போது மட்டும். பருத்தி உடை, மூடிய சப்பாத்து, கண்ணாடி ஆகியவை மகனுக்கும் உங்களுக்கும் கட்டாயம். சாரமும் நைலோன் துணியும் உலையருகே ஆபத்தானவை.

சில வருடங்களில் கோலம் மங்கிவிட்டால் என்ன செய்வது?

அலகைப் பிடியிலிருந்து கழற்ற வேண்டியதில்லை. பிடியை மெழுகுத்தாளால் சுற்றி, அலகை 600, பின் 1000 எண் தாள்களால் நீளவாக்கில் தேய்த்து, முன்போலவே பெரிக் குளோரைட்டில் இட்டுச் சோடாவில் கழுவுங்கள். அடுக்குகள் உள்ளே முழுவதும் இருப்பதால் கோலம் மீண்டும் எழும். தேய்ந்த அளவுக்குக் கோடுகளின் இடம் சற்று மாறியிருக்கும். அதன்பின் விளிம்பை மட்டும் 1000 எண் நீர்க்கல்லில், பக்கத்துக்கு 15 பாகைக் கோணத்தில் தீட்டிக்கொள்ளுங்கள்.